பஞ்ச காலத்தில் நின்ற வாக்கு

1781-ஆம் ஆண்டு. மைசூர் அதிபர் ஹைதர் அலியின் குதிரைப் படைகள் சோழ மண்டலத்து வயல்களைப் பாழாக்கியிருந்த காலம். தஞ்சைக் கோட்டையைக் காக்க நிறுத்தப்பட்டிருந்த சிப்பாய்கள் பசியால் மெலிந்து நின்ற இடத்திலேயே விழுந்தார்கள். ஒவ்வொரு நாள் விடியலிலும் தெருவோரங்களில் பிணங்கள் வரிசையாகக் கிடந்தன. இத்தனைக்கும் நாட்டுப்புறத்தில் நெல் அடியோடு இல்லாமல் போய்விடவில்லை. இருந்த நெல்லைக் கோட்டைக்குச் சுமந்துவர மாடுகள்தாம் கிடைக்கவில்லை.

மாடுகள் கிடைக்காததற்குக் காரணம் இருந்தது. முன்பு நெல் சுமந்து வந்தவர்களுக்குச் சேரவேண்டிய கூலியை இடையில் நின்ற துபாஷிகள் பறித்துக்கொண்டார்கள். ஏமாந்த குடிகள் தங்கள் மாடுகளைத் தொலைவுக்கு ஓட்டிச் சென்றுவிட்டார்கள். மன்னர் துளஜாஜி ஆணையிட்டார். பிறகு அதிகாரிகளை அனுப்பிக் கெஞ்சவும் செய்தார். ஒருவரும் வரவில்லை. அரண்மனையின் சொல்லுக்கும் கம்பெனியின் சொல்லுக்கும் மதிப்புப் போய்விட்ட அந்த நேரத்தில், மன்னருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஊரில் இருக்கும் ஜெர்மானியப் பாதிரியாரின் சொல்லையாவது மக்கள் நம்புகிறார்களா என்று பார்த்துவிடலாம் என்பதே அது. எந்த ஒப்பந்தத்தை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளும் அதிகாரத்துடன் ஒரு வெற்றுத் தாள் அந்தப் பாதிரியாரிடம் அனுப்பப்பட்டது.

அவர் பெயர் கிறிஸ்டியன் ஃபிரெடரிக் சுவார்ட்ஸ். தமிழ்க் கிறிஸ்தவர்கள் இன்றும் சுவார்ட்ஸ் ஐயர் என்று சொல்வது அவரைத்தான். அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது. நாலாபுறமும் அவர் கடிதங்கள் அனுப்பினார். கூலியைத் தம் கையாலேயே தருவதாகவும், எதிரியிடம் பறிபோகும் ஒவ்வொரு மாட்டுக்கும் விலை கொடுப்பதாகவும் எழுதினார். ஓரிரு நாள்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. உபதேசியார் ஒருவரும் வேறு சில தமிழ்க் கிறிஸ்தவர்களும் அவற்றுடன் உயிரைப் பணயம் வைத்துக் கிராமங்களுக்குச் சென்று, 80,000 கலம் நெல்லைக் கோட்டைக்குள் கொண்டுவந்தார்கள். கோட்டை பிழைத்தது. எல்லாம் முடிந்தபின் சுவார்ட்ஸ் ஒவ்வொருவருக்கும் கணக்குத் தீர்த்தார். தம்மிடம் பிறர் ஒப்படைத்திருந்த பணத்தையும் சேர்த்தே அந்தக் கூலியைக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொருவருக்கும் சிறிய அன்பளிப்பும் தந்து வீட்டுக்கு அனுப்பினார்.

தமிழில் நாணயம் என்ற சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். அரசின் காசு செல்லாமல் போன அந்த ஆண்டில், மற்ற நாணயம் செல்லுபடியாகியிருக்கிறது. அச்சம் சூழ்ந்த காலத்தில் கடவுளை நம்புவது என்றால் என்ன என்பது பழைய கேள்வி. ஆபத்திலிருந்து தப்பிக்கவைக்கும் காப்பாகச் சிலர் அதைப் புரிந்துகொள்கிறார்கள். மனத்தைத் தேற்றும் ஆறுதலாகச் சிலர். சுவார்ட்ஸின் வாழ்க்கையில் அது வேறொரு வடிவம் எடுத்தது. கடவுளை நம்பிய ஒருவரைப் பிறர் நம்பினார்கள். அவருடைய சமயத்தை ஏற்காதவர்களும் நம்பினார்கள். அந்த நம்பிக்கை எப்படி உண்டானது என்பதையே அவருடைய வரலாற்றில் பார்க்க வேண்டியிருக்கிறது.

அவர் 1726 அக்டோபரில் பிரஷ்ய அரசுக்கு உட்பட்ட சோனன்பர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். மகனை இறைப்பணிக்கு வளர்க்க வேண்டும் என்பது தாயின் கடைசி விருப்பம். 1746-இல் ஹாலே நகரின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஹாலே என்ற பெயர் தமிழ் அச்சு வரலாறு அறிந்தவர்களுக்குப் புதிதன்று. தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்து தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு அங்குப் பயின்றவர். அந்நகரின் பெரிய அநாதை இல்லத்தை 1695-இல் தொடங்கிய ஃபிராங்கேயிடம் அப்போது இருந்தது, உண்டியலில் விழுந்த நான்கு தாலரும் பதினாறு குரோஷனும் மட்டுமே என்பது ஹாலே மாணவர்கள் அனைவரும் கேட்டு வளர்ந்த செய்தி. கையில் இருப்பதை எண்ணிப் பார்த்துப் பணியைத் தொடங்குவதில்லை என்ற மனப்போக்கு அங்கிருந்து வந்தது. கணக்கை மட்டும் ஒரு காசு பிசகாமல் எழுத வேண்டும் என்ற கண்டிப்பும் அங்கிருந்தே வந்தது. இவ்விரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது அரிது. சுவார்ட்ஸிடம் சேர்ந்திருந்தன.

தரங்கம்பாடியிலும் சென்னையிலும் பணியாற்றித் திரும்பியிருந்த பெஞ்சமின் ஷூல்ட்சே ஹாலேயில் தமிழ் வேதாகமத்தை அச்சிட முயன்றபோது, அதற்கு உதவுவதற்காக சுவார்ட்ஸ் தமிழ் கற்றார். பிறகு கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, 1750 ஜூலையில் சோழ மண்டலக் கரையில் வந்திறங்கினார். நான்கு மாதங்களில் தரங்கம்பாடி ஆலயத்தில் தமிழில் பிரசங்கம் செய்தார். அதன்பின் நாற்பத்தெட்டு ஆண்டுகள் அவர் ஐரோப்பாவுக்குத் திரும்பவே இல்லை. திருமணம் செய்துகொள்ளவுமில்லை. தமிழோடு போர்த்துகீசியம், பாரசீகம், இந்துஸ்தானி, மராத்தி ஆகியவற்றையும் கற்றார். தஞ்சை அரண்மனையின் மொழி மராத்தி. ஆற்காட்டு நவாபின் அவை மொழி பாரசீகம். யாருடன் பேச வேண்டுமோ அவர்களுடைய மொழியைக் கற்பது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

1762 முதல் அவருடைய இருப்பிடம் திருச்சிராப்பள்ளி. அமைதியைத் தேடி வந்தவர் தங்கக்கூடிய ஊராக அது அன்று இல்லை. கர்நாடகப் போர்களின் மையமே திருச்சிக் கோட்டைதான். அவர் அங்கு வந்த மறு ஆண்டே வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் மாண்டார்கள். அநாதைகளான குழந்தைகளைச் சேர்த்துப் பள்ளி நடத்தினார். 1764-இல் யூசுப் கானை எதிர்த்து மதுரையில் நடந்த முற்றுகையின்போது காயம்பட்ட படைவீரர்களுக்குப் பணிவிடை செய்தார். 1766-இல் திருச்சிக் கோட்டையில் கிறிஸ்து ஆலயம் எழுந்தது. அந்நாளில் அவருடைய வருவாய் மாதம் பத்து வராகன். பழைய கட்டடம் ஒன்றில் ஒரு கட்டில் போடும் அளவே இடமிருந்த ஓர் அறையில் அவர் வாழ்ந்ததாகவும், உயரமானவர்கள் அதில் நிமிர்ந்து நிற்க முடியாது என்றும் அவரை அறிந்த ஆங்கிலேயர் ஒருவர் பதிவு செய்திருக்கிறார். உணவு, நம் ஊர்ச் சோறும் காய்கறியும்.

இந்த எளிமையைத் துறவு என்று புகழ்ந்துவிட்டுக் கடந்து போவது எளிது. அதற்கு ஓர் அரசியல் பொருளும் இருந்தது என்று தோன்றுகிறது. கம்பெனி அதிகாரிகள் சில ஆண்டுகளிலேயே பெருஞ்செல்வம் சேர்த்துக்கொண்டு கப்பல் ஏறிய காலம் அது. நவாபின் கடன் பத்திரங்களை வைத்துச் சூதாடாத வெள்ளையரைக் காண்பது அரிது. அத்தகைய சூழலில், பதவியில் இருந்த எவரிடமும் தமக்கென எதையும் கேட்காத ஒரு வெள்ளையரைத் தமிழ் மக்கள் பல ஆண்டுகள் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1781-இல் வந்த மாடுகள் அந்தப் பார்வையின் விளைவு.

அவர்மீது நம்பிக்கை வைத்தவர்களுள் ஹைதர் அலியும் ஒருவர். 1779-இல் சென்னை ஆளுநர் தாமஸ் ரம்போல்டு, ஹைதரின் நோக்கத்தை அறிந்துவரவும் கம்பெனியின் சமாதான விருப்பத்தைத் தெரிவிக்கவும் சுவார்ட்ஸை இரகசியமாக அனுப்பினார். சுவார்ட்ஸ் முதலில் தயங்கினார். அரசியலில் தலையிடுவது தம் வேலையன்று என்று எண்ணினார். ஆனால் இரத்தம் சிந்துவதைத் தடுக்க ஒரு வாய்ப்பு இருக்குமானால் மறுப்பது தகாது என்று முடிவு செய்து, கரூர் வழியாக மலையேறி ஸ்ரீரங்கப்பட்டணம் சென்றார். ஹைதர் அவரை மரியாதையுடன் வரவேற்றுத் தம் அருகில் அமர்த்திப் பேசினார். ஹைதரின் படையில் ஊழியம் செய்த ஜெர்மானியர்களுக்கு அங்கேயே வழிபாடு நடத்தவும் தடையில்லை. திரும்பும்போது வழிச் செலவுக்கு ஹைதர் கொடுத்த முந்நூறு ரூபாயை சுவார்ட்ஸ் சென்னை அரசிடம் ஒப்படைத்தார். அவர்கள் வாங்க மறுக்கவே, தஞ்சையில் அநாதைக் குழந்தைகளுக்கான பள்ளிக்கு அதை முதலாக்கினார்.

பயணத்தின் நோக்கம் மட்டும் நிறைவேறவில்லை. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் ஹைதருக்கு வேண்டிய மாஹே துறைமுகத்தைக் கம்பெனி கைப்பற்றியிருந்தது. ஒரு கையால் படை நடத்திக்கொண்டே மறு கையால் சமாதானத் தூது அனுப்பியவர்களை ஹைதர் நம்பவில்லை. தூதரை நம்பினார், தூது அனுப்பியவர்களை நம்பவில்லை. 1780 ஜூலையில் ஹைதரின் பெரும்படை கணவாய்களைக் கடந்து கர்நாடகச் சமவெளியில் இறங்கியது. தம் நற்பெயரைப் போர்வையாக்கிக் கம்பெனி காலம் கடத்தியதோ என்ற கேள்வி சுவார்ட்ஸின் மனத்தில் எழாமல் இருந்திருக்க முடியாது. நல்லவர் ஒருவரைப் பொய்யான காரியத்துக்குத் தூது அனுப்புவது அரசுகளுக்கு அன்றும் கைவந்த கலைதான். எனினும், அந்தப் பயணத்தின் பலன் ஒன்று எஞ்சியது. போர் நடந்த காலம் முழுவதும் அந்தப் பாதிரியாரைத் தடுக்காமல் போகவிட வேண்டும் என்று ஹைதர் தம் படைத் தலைவர்களுக்கு ஆணையிட்டிருந்தார். இரு தரப்புப் படைகளுக்கும் நடுவே அவர் நடமாட முடிந்தது.

போர் வரும் என்பதை உணர்ந்து, விலை மலிவாக இருந்தபோதே அவர் நெல் வாங்கிச் சேர்த்து வைத்திருந்தார். பஞ்சம் முற்றியபோது அதைக் கொண்டு உபதேசியார்களின் குடும்பங்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் வாசலில் வந்து நின்றவர்களையும் காத்தார். இங்கு ஒரு கேள்வி எழும். பசித்தவனுக்குச் சோறும் உபதேசமும் ஒரே வாசலில் கிடைத்தால், அவன் எதை நாடி வந்தான் என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்வி. பஞ்ச காலத்து மதமாற்றம் பற்றிய ஐயம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், கோட்டைக்குள் வந்த 80,000 கலம் நெல்லை உண்டவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்லர் என்பதையும், அவர்களிடம் அவர் எந்த நிபந்தனையும் விதிக்கவில்லை என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

1782 பிப்ரவரியில் கர்னல் பிரைத்வெயிட்டின் படை திப்புவிடம் முழுமையாகச் சிறைப்பட்டது. தஞ்சை மறுபடியும் நடுங்கியது. கோட்டையில் மீண்டும் நெல் குறைந்தபோது அதே பாதிரியார் கேட்க, அதே கிராமத்தார் மறுபடியும் வந்தார்கள். முதல் முறை வந்ததைவிட இது எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது. முதல் முறை நம்பியது துணிச்சல். இரண்டாம் முறை நம்பியது அனுபவம்.

போர் ஓய்ந்த பின்னும் நாடு மீளவில்லை. துளஜாஜியின் அதிகாரிகள் வரி என்ற பெயரில் எஞ்சியதையும் சுரண்ட, குடியானவர்கள் நிலத்தைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். வயல்கள் தரிசாகக் கிடந்தன. மன்னர் திரும்பி வரச் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. மறுபடியும் சுவார்ட்ஸிடமே வந்தார்கள். நீதி கிடைக்கும் என்று அவர் பொறுப்பேற்றுச் சொன்ன பிறகு, ஒரே நாளில் 7,000 பேர் தங்கள் நிலங்களுக்குத் திரும்பினார்கள். சாகுபடி தொடங்கும் பருவம் அதற்குள் கடந்திருந்தது. இரவு பகலாக உழைத்து விட்டதை ஈடுகட்டுவோம் என்று அவர்கள் வாக்களித்தார்கள், அவ்வாறே செய்தார்கள். அவர் கொடுத்த வாக்குக்கு அவர்கள் கொடுத்த மறுவாக்கு அது.

அவர் எடுத்த முடிவுகள் அனைத்தும் சரியாக அமைந்தன என்று சொல்ல முடியாது. பிள்ளைகளையும் பேரனையும் இழந்த துளஜாஜி, தம் இறுதி நாள்களில் சரபோஜி என்ற பத்து வயதுச் சிறுவனைத் தத்தெடுத்து, அவனைச் சுவார்ட்ஸிடம் ஒப்படைக்க விரும்பினார். சுவார்ட்ஸ் மறுத்தார். அரண்மனைச் சூழ்ச்சிகளுக்கு நடுவே ஒரு சிறுவனைக் காக்கும் வலிமை தமக்கு இல்லை என்று கருதி, மன்னரின் தம்பி அமர்சிங்கைக் காப்பாளராக்கலாம் என்று அறிவுரை கூறினார். 1787-இல் துளஜாஜி இறந்தார். தத்தெடுத்தது செல்லாது என்று பண்டிதர்களைக் கொண்டு சொல்லவைத்து, கம்பெனியின் ஒப்புதலுடன் அமர்சிங் தாமே அரியணை ஏறினார். சரபோஜி வெளிச்சம் புகாத அறையில், கல்வியும் இல்லாமல் அடைத்து வைக்கப்பட்டார். சுவார்ட்ஸின் அறிவுரையே அந்தச் சிறுவனை அங்குக் கொண்டுபோய் நிறுத்தியது என்று சொன்னால் அது மிகையாகாது.

அதை அவர் தம் பொறுப்பாகவே ஏற்றார். கம்பெனிக்கு மீண்டும் மீண்டும் எழுதினார். சிறுவனுக்குக் காவலும் கல்வியும் கிடைக்கச் செய்தார். உயிருக்கு ஆபத்து நீங்கவில்லை என்று கண்டபோது, 1793-இல் சரபோஜியும் துளஜாஜியின் விதவைகளும் சென்னைக்குச் செல்ல வழி செய்தார். அங்குச் சரபோஜியின் கல்வியை மற்றொரு ஜெர்மானியப் பாதிரியாரான கெரிக்கே கவனித்துக்கொண்டார். தத்தெடுத்தது சாத்திரப்படி செல்லும் என்று மறு விசாரணையில் முடிவாயிற்று. 1798-இல் சரபோஜி தஞ்சையின் மன்னரானார். சரசுவதி மகால் நூலகத்தை உலகறியச் செய்த இரண்டாம் சரபோஜி இவரே. கடைசி வரை அவர் தம் முன்னோரின் சமயத்திலேயே இருந்தார். வளர்த்தவருக்கும் வளர்ந்தவருக்கும் இடையே அது ஒரு பிளவாக ஒருபோதும் ஆகவில்லை.

சுவார்ட்ஸைப் பற்றி வேறு விமரிசனங்களும் உண்டு. தஞ்சைச் சபையில் சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கத்தை அவர் மெல்ல மெல்லக் கரைக்கலாம் என்று எண்ணி விட்டுவைத்தார். அது கரையவில்லை, அடுத்த தலைமுறையில் திருச்சபையையே பிளக்கும் சண்டையாக வளர்ந்தது. பஞ்சத்துக்கும் போருக்கும் அஞ்சாத ஒருவர், சொந்தச் சபையின் பெரிய குடும்பங்களுக்கு அஞ்சினாரோ என்று கேட்பவர்களுக்கு எளிதில் பதில் சொல்லிவிட முடியாது. கம்பெனியுடன் அவருக்கிருந்த நெருக்கமும் அப்படித்தான். தஞ்சையின் ஆட்சி அதிகாரம் 1799-இல் கம்பெனியின் கைக்குப் போய்ச் சேர்ந்த வரலாற்றில், அவர் விரும்பியோ விரும்பாமலோ ஓர் இடம் பெற்றிருக்கிறார்.

மறுபக்கத்தில், அவர் தமிழர்களின் கையில் பொறுப்பை ஒப்படைக்கத் தயங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நெல் கொண்டுவர உயிரைப் பணயம் வைத்துப் போனவர்கள் தமிழ் உபதேசியார்களும் சபையாரும்தாம். அவர்களுள் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? 1790-இல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் பாளையங்கோட்டைக்கு அனுப்பப்பட்டார். திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கக் காலத்தில் அவருக்குத் தனி இடமுண்டு. பாளையங்கோட்டையிலிருந்து சிறுவனாக அழைத்துவரப்பட்ட வேதநாயகம், தஞ்சைப் பள்ளியில் வளர்ந்து, வேதநாயக சாஸ்திரியார் என்ற பெயரில் தமிழ்க் கிறிஸ்தவக் கவிதையின் முதன்மைக் குரலானார். சரபோஜியும் வேதநாயகரும் ஒரே ஆசிரியரின் மாணவர்கள். மன்னரானபின் சரபோஜி அந்தக் கவிஞரை ஆதரித்தார்.

1798 பிப்ரவரி 13-ஆம் நாள் சுவார்ட்ஸ் தஞ்சையில் காலமானார். மறுநாள் அடக்கம். உடலை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சரபோஜி விரும்பியதால் பெட்டியை மூடாமல் காத்திருந்தார்கள். இருபது வயது இளைஞரான சரபோஜி வந்து அழுதார். கல்லறைவரை உடன் நடந்தார். அரச குடும்பத்தினர் சாவு வீட்டுத் தீட்டை அஞ்சி விலகி நிற்கும் வழக்கத்தை அவர் அன்று பொருட்படுத்தவில்லை.

கல்லறைக் கல்லில் பொறிப்பதற்கான ஆங்கிலக் கவிதை வரிகளைச் சரபோஜி தாமே எழுதினார். லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லிப் பளிங்கில் ஒரு நினைவுச் சிற்பமும் செய்வித்தார். பெரிய கோயிலை அடுத்த சிவகங்கைக் குளத்தின் அருகில், 1779-இல் சுவார்ட்ஸ் கட்டிய ஆலயத்தில் அது இன்றும் இருக்கிறது. படுக்கையில் முதியவர், பள்ளிப் பிள்ளைகள் அருகே நிற்கிறார்கள், தலைப்பாகை அணிந்த மன்னர் குனிந்து அவருடைய கையைப் பற்றியிருக்கிறார்.